பூமிநாதனுக்கு வைத்த முகம்

தம்பி, ஒரு நிமிசம். அந்தக் கேமராவைக் கொஞ்சம் இறக்குங்க. கோவிச்சுக்காதீங்க. கீழ கல்வெட்டு இருக்கு பாருங்க, அதை எடுங்க, எத்தனை வேணும்னாலும் எடுங்க. 'எழுத்தாளர் ஆவுடைக்குறிச்சி பூமிநாதன்'னு பேரு, பொறந்த தேதி, செத்த தேதி, எழுதுன புத்தகம் எல்லாம் சரியாத்தான் வெட்டியிருக்காங்க. மூஞ்சிய மட்டும் எடுக்க வேண்டாம்.

எதுக்குன்னு சொன்னீங்க? புத்தக அட்டைக்கா? அவன் எழுதுன கதை பூராத்தையும் சேத்து ஒரே புத்தகமாப் போடுறீங்களா? நல்ல காரியம். அப்படின்னா கண்டிப்பா வேண்டாம் தம்பி.

உக்காருங்க. புதுக்கோட்டை பஸ்ஸு மூணரைக்குத்தான். நான் சோமு, சோமசுந்தரம். சைக்கிள் கடை சோமுன்னாத்தான் ஊருக்குத் தெரியும், கடையை மூடி ஏழு வருசம் ஆச்சு, பேரு மட்டும் போகல. இந்தச் சிலையைத் தினமும் கழுவுறது நான்தான். காக்கா எச்சம், பஸ்ஸு கிளப்பிட்டுப் போற புழுதி, எல்லாத்தையும் ஒரு வாளித் தண்ணியில அலசி விட்டுருவேன். யாரும் சொல்லிச் செய்யல. சிநேகிதன் மேல இந்த வயசுலயும் எம்புட்டுப் பாசம் பாருன்னு ஊர்ல பேசிக்கிறாங்க. பேசட்டும்.

சுத்தி வளைக்காம சொல்லிர்றேன். சிலையில இருக்குறது பூமிநாதன் இல்ல. அது எங்கண்ணன் காசிலிங்கம்.

இல்ல தம்பி, வயசாகி உளறல. எங்கண்ணனை எனக்குத் தெரியாதா.

அஞ்சு வருசத்துக்கு முந்தி வரைக்கும் இந்த ஊர்ல பூமிநாதன்னு ஒரு பேரை யாரும் வாயில எடுக்க மாட்டாங்க. திடீர்னு ஒருநாள் கார்ல ரெண்டு காலேஜு வாத்தியாருங்க வந்து எறங்குனாங்க. எழுத்தாளர் பூமிநாதன் வீடு எதுங்கன்னு கேட்டாங்க. அவன் கதையை காலேஜுல பாடமா வச்சிருக்காங்களாம், அவனுக்கு எழுபத்தஞ்சாவது வருசமாம். வீடு ஏது, இடிஞ்சு மண்ணோட மண்ணாப் போச்சு. ஆனா நம்ம தலைவருக்கு, பஞ்சாயத்துத் தலைவரு துரைப்பாண்டிக்கு, அப்படி ஒரு உற்சாகம் வந்துருச்சு. நம்ம ஊர்ல பொறந்தவனை மெட்ராசுல கொண்டாடுறான், நாம சும்மா இருக்கறதான்னு கமிட்டி போட்டாரு. சிலை வைக்கிறதுன்னு முடிவாச்சு. கும்பகோணம் பக்கமிருந்து ஒரு சிற்பி வந்தாரு. வந்தவரு மொதல்ல கேட்டது போட்டோ.

போட்டோ இல்ல. எங்க தேடியும் இல்ல. அந்தக் காலத்துப் பத்திரிகையில கதையைப் போடுவாங்க, எழுதுனவன் மூஞ்சியப் போட மாட்டாங்க. அவன் பொண்டாட்டி வீட்டுல சம்மதமில்லாத கல்யாணம். முப்பத்தி மூணு வயசுல இவன் மஞ்சக்காமாலையில போனதும், அந்தப் பொண்ணைச் சின்னப் பிள்ளையோட அண்ணன்மாருங்க கூட்டிட்டுப் போயிட்டாங்க. இவன் சாமான் ஒண்ணையும் வீட்டுக்குள்ள விடல. இதெல்லாம் எனக்குப் பின்னாடித்தான் தெரிஞ்சுச்சு.

கடைசியில தலைவரு வீட்டுச் சுவத்துலயே ஒரு போட்டோ இருந்துச்சு. மக்கள் படிப்பகம் முதலாமாண்டு விழா. நடுவுல நாற்காலியில மாலையோட தலைவரோட அப்பா. சுத்தி ஆறு பேரு. கீழ தரையில சம்மணம் போட்டு உக்காந்திருக்கறது நான், அப்ப எனக்கு இருவது வயசு. படத்துக்குக் கீழ பேரு எழுதியிருந்த அட்டையைக் கரையான் தின்னுருச்சு. ஏழு பேர்ல இந்த ஊர்ல உசிரோட இருக்குறவன் நான் ஒருத்தன்தான். அதனால போட்டோவைக் கழட்டி என் மடியில வச்சாங்க.

"சித்தப்பு, இதுல பூமிநாதன் யாரு?"ன்னாரு தலைவரு.

எனக்குக் கண்ணு சரியாத் தெரியல தம்பி. புரை விழுந்திருந்துச்சு. வெளிச்சமும் கம்மி. கையை வச்சேன். அது எங்கண்ணன் மேல விழுந்துருச்சு.

இல்ல. புரை விழுந்தது அதுக்கு ரெண்டு வருசம் கழிச்சு. அன்னிக்குக் கண்ணு நல்லாத்தான் தெரிஞ்சுச்சு.

பூமிநாதன் பின்வரிசையில நிக்கிறான். படம் எடுக்குற நேரத்துல தலையைத் திருப்பிட்டான், மூஞ்சி கலைஞ்சு போயிக் கெடக்கு. ஒரு காதும் பாதி நெத்தியும்தான் தெரியும். எங்கண்ணன் ஓரத்துல நிக்கிறான், நேரா, மீசையோட, ராசா மாதிரி. சிற்பி, "தெளிவா இருக்கா?"ன்னு கேட்டாரு. "இந்தா இவன்தான்"னு அண்ணன் மேல விரலை வச்சேன். "அடடா, நல்ல களையான மொகம்"னு சொல்லி, அவரு அந்த மூஞ்சியை மட்டும் செல்லுல படம் புடிச்சுக்கிட்டாரு. அவ்வளவுதான். எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்னு நெனைக்கிறீங்க, ஒரு வெத்தலை மடிக்கிற நேரம்.

ஏன் செஞ்சேன்னு கேளுங்க. கேக்கணும். பூமிநாதன் எங்க குடும்பத்தை அழிச்சவன் தம்பி. எங்க அண்ணனை இந்த ஊரை விட்டே ஓட வச்சவன். எங்கண்ணன் மூஞ்சி இருந்த ஒரே படம் அது. போனவன் எங்க இருக்கான், இருக்கானா இல்லையா, அம்பது வருசமா ஒரு தபால் கெடையாது. எங்க ஆத்தா ஒவ்வொரு பஸ்ஸும் வந்து நிக்கறப்ப எட்டிப் பாத்து எட்டிப் பாத்தே செத்துப் போச்சு. அவனால போனவன் அவன் எடத்துல நிக்கட்டுமேன்னு அந்த நேரத்துல தோணுச்சு. தோணுனது தப்பா?

கதையைச் சொல்றேன், நீங்களே சொல்லுங்க.

எங்கண்ணன் ரைஸ்மில்லு லாரி ஓட்டிக்கிட்டிருந்தான். அப்ப இங்க சர்க்காரு தையல் பள்ளிக்கூடம் ஒண்ணு இருந்துச்சு, பொம்பளைப் பிள்ளைகளுக்கு. அங்க ஸ்டெல்லான்னு ஒரு டீச்சரு. வேற ஊரு, வேற சாதி, வேற சாமி. அண்ணனுக்கும் அவங்களுக்கும் பழக்கமாயிருச்சு. ரெண்டு பேரும் நல்ல மாதிரிதான் தம்பி, கல்யாணம் கட்டிக்கிட்டு வேற ஊருக்குப் போயிரணும்னு இருந்தாங்க. பாக்க முடியுற அன்னிக்கு டீச்சரு தையல் பள்ளிக்கூடத்து சன்னல்ல பச்சை ஜாக்கெட்டுத் துணி ஒண்ணைத் தொங்க விடுவாங்க. தையல் பள்ளிக்கூடத்துல துணி தொங்குனா யாரு சந்தேகப்படுவா? அண்ணன் லாரியில போறப்பப் பாத்துக்குவான். இது ஊர்ல ஒரு குருவிக்கும் தெரியாது.

பூமிநாதன் அப்பவே பத்திரிகையில கதை எழுத ஆரம்பிச்சிட்டான். படிப்பகத்தை நடத்துனதே அவன்தான். வாரப் பத்திரிகை சனிக்கிழமை பஸ்ஸுல வரும். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஊரே கூடிரும். படிக்கத் தெரிஞ்சவங்க கம்மி, அதனால ஒருத்தர் சத்தம் போட்டுப் படிக்க மத்தவங்க கேப்பாங்க. படிக்கிறது நான். எனக்கு அப்ப நல்ல குரலு. வசனமெல்லாம் ஏத்தி எறக்கிப் படிப்பேன், கேக்குறவன் அசையாம உக்காந்திருப்பான். பூமிநாதன் எழுதுன கதை வந்தா இன்னும் கூட்டம் சேரும். நம்ம ஊர்க்காரன் கதைல்ல.

ஒரு ஞாயித்துக்கிழமை அவன் கதை வந்திருந்துச்சு. அவன் அன்னிக்கு ஊர்ல இல்ல, திருச்சிக்குப் போயிருந்தான். நான் பிரிச்சுப் படிக்கிறேன். லாரி ஓட்டுற ஒருத்தன், ஊருக்குப் புதுசா வந்த நர்சம்மா ஒருத்தி. நல்லாப் போகுது. ரெண்டாவது பக்கத்துல ஒரு வரி வந்துச்சு. அவ சன்னல்ல பச்சைத் துணி தொங்குற அன்னிக்கு அவன் லாரியை மெதுவா ஓட்டுவான்னு.

அந்த வரியை இன்னொருதடவை கண்ணால ஓட்டுனேன். பின்னாடியிருந்து ஒருத்தன், "ஏய், தையல் பள்ளிக்கூடத்துச் சன்னல்ல பச்சைத்துணி தொங்குதுல்ல"ன்னான். இன்னொருத்தன், "லாரி யாருடா ஓட்டுறா இந்த ஊர்ல"ன்னான். கொல்லுன்னு சிரிப்பு. "படிடா சோமு, படி படி"ன்னாங்க.

நிறுத்தியிருக்கலாம். பக்கம் கிழிஞ்சிருக்குன்னு சொல்லியிருந்தாக்கூடப் போதும். நிறுத்தல தம்பி. படிச்சேன். அவ்வளவு பேரும் என் வாயையே பாத்துக்கிட்டிருந்தாங்க. அப்படி ஒரு நாளும் யாரும் என்னைப் பாத்ததில்ல. ஏத்தி எறக்கித்தான் படிச்சேன். அண்ணன் பேசற மாதிரியே ஒரு எடத்துல பேசிக்கூடக் காட்டுனேன்னு பின்னாடி ஒருத்தன் சொன்னான். எனக்கு ஞாபகம் இல்ல. இருக்கு. பேசிக் காட்டுனேன்.

மூணாவது பக்கத்துலயே கூட்டம் எந்திரிச்சுப் போயிருச்சு. கடைசிப் பக்கத்தை யாரும் கேக்கல. அதுல அந்த ரெண்டு பேரும் ஒண்ணா பஸ் ஏறிப் போறாங்க, நல்லாயிருக்காங்க, ஒரு வீடு புடிச்சு ரெண்டு நந்தியாவட்டைச் செடி வைக்கிறாங்கன்னு எழுதியிருந்தான். அதை நான் படிச்சதே இந்தச் சிலை வைக்கிறப்பத்தான். காலேஜு வாத்தியாருங்க புத்தகம் குடுத்துட்டுப் போனாங்க. படிச்சுட்டு ரெண்டு நாளு சோறு எறங்கல. அவன் அவங்க பக்கந்தான் நின்னு எழுதியிருக்கான் தம்பி.

மறுநா காலையில பொம்பளைக போயி டீச்சரோட பெட்டியைத் தூக்கித் தெருவுல வச்சாங்க. தையல் மெசினு மேல சாணியைக் கரைச்சு ஊத்துனாங்க. பத்து மணி பஸ்ஸுல அவங்க ஏறுறப்ப யாரும் தடுக்கல, யாரும் பேசல. எங்கண்ணன் லோடு ஏத்திக்கிட்டு மதுரைக்குப் போயிருந்தான். திரும்பி வந்தப்ப எங்க மாமன்மாருங்க சாட்டைக் கம்போட நின்னுக்கிட்டிருந்தாங்க. எட்டாம் நாளு அண்ணன், டயரு வாங்கிட்டு வாரேன்னு ஆத்தாகிட்டச் சொல்லிட்டுக் கிளம்புனான். பஸ் ஸ்டாப்பு வரைக்கும் நான் கூடப் போனேன். "ஆத்தாவைப் பாத்துக்கடா. பூமிநாதன் இப்படிப் பண்ணுவான்னு நான் நெனைக்கவே இல்ல"ன்னான். நான் ஆமான்னு தலையை ஆட்டுனேன்.

அதுக்குள்ள, திருச்சியில இருந்து திரும்பி வந்த பூமிநாதனைக் கோயில் வாசல்ல நிக்க வச்சுக் கூட்டம் போட்டாங்க. பட்டப்பகல். அவன் அப்பாவும் பக்கத்துல துண்டைக் கக்கத்துல வச்சுக்கிட்டு நிக்கிறாரு. "உனக்கு யார்றா சொன்னா?"ன்னு கேட்டாங்க. ஊர் மானத்தை வித்தவன் இவன்னா, வீட்டு விசயத்தைச் சொன்னவன் எவன்? அவனையும் நிக்க வைக்கணும்ல. "சொல்லு, யாரு சொன்னது?"

பூமிநாதன் கூட்டத்தை ஒரு சுத்து பாத்தான். பாத்துக்கிட்டே வந்தவன் எங்கிட்ட வந்து நின்னான். நின்னுட்டு, "யாரும் சொல்லல. நானாத்தான் பாத்தேன். நானாத்தான் எழுதுனேன்"னான்.

ஏன் எங்கிட்ட வந்து நின்னான்னு நீங்க கேக்கலையே தம்பி.

நான்தான் சொன்னேன். அண்ணன் எங்கிட்ட மட்டுந்தான் சொல்லியிருந்தான். டீச்சருக்குச் சீட்டுக் கொண்டுபோய்க் குடுக்கறது நான்தான். ஒரு மழை நாளு, படிப்பகத்துல நானும் பூமிநாதனும் மட்டும் இருந்தோம். அவன் எம்புட்டோ படிச்சவன், எப்பப் பாத்தாலும் ஏதாவது சொல்லிக்கிட்டே இருப்பான், ரஷ்யாவுல இப்படி, வங்காளத்துல இப்படின்னு. நான் கேட்டுக்கிட்டே இருப்பேன். அவனுக்குச் சொல்றதுக்கு எங்கிட்ட ஒண்ணுமே இருக்காது. அன்னிக்கு இருந்துச்சு. சொன்னேன். பச்சைத்துணியில இருந்து எல்லாத்தையும் சொன்னேன். அவன் கேட்ட மாதிரி அதுக்கு முன்னாடியும் சரி பின்னாடியும் சரி, யாரும் நான் பேசிக் கேட்டதில்ல. "யாருகிட்டயும் சொல்லிறாத"ன்னேன். "சேச்சே"ன்னான். சொல்லல. எழுதிட்டான்.

அவன் எழுதுனது தப்புத்தான். அதை நான் இப்பவும் சொல்லுவேன். துணிக்கு நெறத்தையாவது மாத்தியிருக்கலாம்ல? ஆனா கோயில் வாசல்ல அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என் தோலை உரிச்சிருப்பாங்க. சொல்லல. ரெண்டு நாளுல ஊரை விட்டுப் போகணும்னு தீர்ப்பு. அப்பாவைக் கூட்டிக்கிட்டு, புத்தக மூட்டையைத் தலையில வச்சுக்கிட்டுப் போனான். வழியில பிள்ளைக கல்லெறிஞ்சுச்சுக. பிள்ளைக மட்டும் எறியல. நானும் ஒண்ணு எறிஞ்சேன். எறியாம நின்னா சந்தேகம் வந்துரும்ல. கல்லு அவன் மேல படல, அவங்கப்பா முதுகுல பட்டுச்சு.

அப்படிப்பட்டவனுக்குச் சிலை வைக்கிறப்பத்தான் நான் இன்னொருத்தன் மூஞ்சியக் காட்டுனேன்.

சிலை தொறக்கற அன்னிக்கு ஊரே தெரண்டிருந்துச்சு. துணியை இழுத்தாங்க. எங்கண்ணன் நிக்கிறான். மார்பளவு, வெண்கலக் கலரு பெயிண்டு, அதே மீசை. எனக்குப் பின்னாடி வெள்ளையம்மான்னு ஒரு வயசான பொம்பளை, "இது நம்ம காசி மாதிரியில்ல இருக்கு"ன்னு சொல்லுச்சு. நான் திரும்பி, "கண்ணு தெரியாட்டி வாயை மூடிக்கிட்டு இரு"ன்னு ஒரு அதட்டுப் போட்டேன். அது பாவம், அப்படியே அடங்கிப் போச்சு.

அப்பத்தான் ஒரு அம்மா மேடையை விட்டு எறங்கி வந்துச்சு. நாப்பத்தஞ்சு வயசு இருக்கும், கண்ணாடி போட்டுக்கிட்டு. பூமிநாதன் மக. இளவேனில்னு பேரு, திருச்சியில ஆஸ்பத்திரியில நர்சு. காலேஜு வாத்தியாருங்க எப்படியோ கண்டுபுடிச்சுக் கூட்டிட்டு வந்துட்டாங்க. அப்படி ஒரு மக இருக்கறதே எனக்கு அன்னிக்குத்தான் தெரியும். அந்தப் பிள்ளைக்கு மூணு வயசுல அப்பன் போயிட்டான். அம்மாவும் ஒம்பது வயசுல போயிருச்சு. அப்பன் மூஞ்சி ஞாபகத்துலயே இல்ல.

சிலைக்கு முன்னாடி வந்து நின்னுச்சு. செருப்பைக் கழட்டுச்சு. கையைத் தூக்கி அந்த மூஞ்சியத் தடவுச்சு தம்பி, நெத்தி, மூக்கு, கன்னம்னு ஒவ்வொண்ணா, குழந்தை மூஞ்சியத் தொடைச்சு விடற மாதிரி. "இப்பத்தான் பாக்குறேன்ப்பா"ன்னுச்சு. கூட்டத்துல பாதிப் பேரு அழுகுறாங்க. தலைவரு என்னைப் புடிச்சு முன்னாடி தள்ளி, "உங்கப்பா கூடப் பழகுனவரு இவரு ஒருத்தருதான். இவருதான் படத்துல அடையாளம் காட்டுனாரு"ன்னாரு.

அந்தப் பிள்ளை என் ரெண்டு கையையும் எடுத்துக் கண்ணுல ஒத்திக்கிச்சு. "நீங்க இல்லாட்டி எனக்கு எங்கப்பா கெடைச்சிருக்க மாட்டாரு. சித்தப்பான்னு கூப்புடவா?"ன்னுச்சு. "என் பையனுக்கு இதே மூக்கு சித்தப்பா"ன்னுச்சு.

ஊரே நிக்குது. "ஆமாம்மா, அவன் மூக்கு எடுப்பாத்தான் இருக்கும்"னேன்.

அதுக்கப்புறம் வருசாவருசம் பொறந்தநாளுக்கு வந்துரும். வாராவாரம் போன். சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா, கண்ணு எப்படியிருக்கு. புரையை எடுக்கச் சொல்லித் திருச்சிக்குக் கூட்டிட்டுப் போயி ஆப்பரேசன் பண்ணி விட்டதே அந்தப் பிள்ளைதான். அஞ்சு நாளு பக்கத்துல உக்காந்து கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டுச்சு. எனக்குப் பிள்ளை குட்டி இல்ல தம்பி, பொண்டாட்டி போயி பதினஞ்சு வருசம். சித்தப்பா, சித்தப்பான்னு அது கூப்புடறப்பல்லாம் உள்ள ஏதோ முறிஞ்சு முறிஞ்சு விழுகும். ஆனா போன் வர்ற நாளு வந்துட்டா சாயங்காலத்துல இருந்தே செல்லைக் கையில வச்சுக்கிட்டுத்தான் இருப்பேன். அதுவும் உண்மை.

தலைவர்கிட்ட ஒருதடவை சொல்லிப் பாத்தேன். மூஞ்சி மாறிப்போச்சு துரைப்பாண்டின்னேன். அவரு, "பேரு சரியா இருக்குல்ல, விடு சித்தப்பு. அமைச்சரு தொறந்த சிலை. இப்பப் போயி மாத்துனா ஊரே சிரிக்கும்"னுட்டாரு.

போன தையில அந்தப் பிள்ளை மகனுக்குக் கல்யாணம் வச்சுச்சு. பத்திரிகையோட வீட்டுக்கே வந்துச்சு. வெத்தலை பாக்கு, பழம், எனக்கு ஒரு பட்டுக்கரை வேட்டி. பத்திரிகையைப் பிரிச்சா மேல நடுவுல இந்தச் சிலையோட படம். 'தாத்தாவின் ஆசியுடன்'னு போட்டிருக்கு. எங்கண்ணன் அதுல சிரிக்கிறான். "அப்பா எடத்துல நீங்கதான் சித்தப்பா நிக்கணும்"னுச்சு.

அதுக்கு மேல முடியல. "அம்மா, உக்காரு. ஒண்ணு சொல்லணும்"னேன். சொன்னேன். அது உங்கப்பா இல்லம்மா, எங்கண்ணன்னு சொன்னேன். அந்தப் படிப்பகத்துப் போட்டோவை எடுத்துட்டு வந்து காட்டுனேன், தலைவரு எங்கிட்டயே குடுத்து வச்சிருந்தாரு. கலைஞ்சு போன மூஞ்சி மேல விரலை வச்சு, "இதுதான் உங்கப்பா"ன்னேன்.

அந்தப் பிள்ளை கண்ணாடியைக் கழட்டிட்டுப் பாத்துச்சு, போட்டுக்கிட்டுப் பாத்துச்சு. சன்னல்கிட்டக் கொண்டுபோயிப் பாத்துச்சு. அதுல பாக்கறதுக்கு என்ன இருக்கு, ஒரு காது. போட்டோவை என் மடியில வச்சுட்டு, "ஏன் சித்தப்பா?"ன்னுச்சு.

கதையைச் சொன்னேன். அண்ணன், டீச்சரு, பச்சைத்துணி, பத்திரிகை, எங்க ஆத்தா பஸ்ஸை எட்டிப் பாத்தது. எல்லாத்தையும் சொன்னேன்.

"அப்பாவுக்கு எப்படித் தெரிஞ்சுச்சு?"ன்னு கேட்டுச்சு.

ஒரே ஒரு வார்த்தை. அதைச் சொல்லிட்டா முடிஞ்சிருச்சு. "அவனே பாத்தான்னு சொன்னாம்மா"ன்னேன். பொய் இல்ல தம்பி. அவன் அப்படித்தான் சொன்னான், கோயில் வாசல்ல, அத்தனை பேருக்கும் முன்னாடி.

அந்தப் பிள்ளை எந்திரிச்சு வந்துச்சு. திட்டப் போகுதுன்னு நெனைச்சேன். திட்டுனா நல்லாயிருக்கும்னு நெனைச்சேன். என் காலுக்குக் கீழ உக்காந்துருச்சு. "எங்கப்பா பண்ணுனது பாவம் சித்தப்பா. உங்க அம்மா வயிறெரிஞ்சு போயிருப்பாங்க. அவருக்காக நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன். அந்த மொகம் அங்கயே இருக்கட்டும். மாத்தச் சொல்லிக் கேக்க மாட்டேன்"னு சொல்லி அழுதுச்சு.

நான் அது தலையில கையை வச்சேன். "சரிம்மா, விடு. எல்லாம் முடிஞ்சு போன கதை"ன்னேன். அப்படித்தான் சொன்னேன் தம்பி. பெரிய மனுசன் மாதிரி மன்னிச்சு விட்டேன்.

இன்னிக்கு வரைக்கும் அதுகிட்ட அந்த ஒரு வார்த்தையைச் சொல்லல. மகன் கல்யாணம் முடியட்டும்னு இருந்தேன். முடிஞ்சும் ரெண்டு மாசம் ஆகுது.

கல்யாணத்துக்குப் போனேன். பத்திரிகையை மாத்தி அடிச்சிருந்துச்சு, படம் இல்லாம. ஆனா என்னை மொத வரிசையில உக்கார வச்சு, வந்தவங்ககிட்டல்லாம், "அப்பாவோட சிநேகிதரு. எங்கப்பாவால ரொம்பக் கஷ்டப்பட்ட குடும்பம், இருந்தும் வந்திருக்காரு"ன்னு சொல்லுச்சு. ஒவ்வொருத்தரும் என்னைக் கும்பிட்டுட்டுப் போனாங்க. எந்திரிச்சு ஓடிறலாமான்னு இருந்துச்சு. தாலி கட்டி முடிஞ்சதும் பொண்ணும் மாப்பிள்ளையும் கால்ல விழுந்தாங்க. அட்சதையைப் போட்டேன், கண்ணைத் தொறந்து பாக்கல.

பந்தியில உக்காந்திருக்கேன். மாப்பிள்ளை வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு, "தாத்தா, ரசம் ஊத்தச் சொல்லவா?"ன்னு எனக்கு எதிர்த்தாப்புல வந்து குனிஞ்சான். அது வரைக்கும் அந்தப் பையனை நான் பாத்ததே இல்ல, ஓசூர்ல வேலை. நிமிந்து பாத்தவன் அப்படியே இருந்துட்டேன். பூமிநாதன் தம்பி. ஏறுநெத்தி, விரிஞ்ச காது, ஒரு பக்கமா உதட்டை இழுத்துக்கிட்டுச் சிரிக்கிற சிரிப்பு, குரல்கூட அதேதான். அம்பத்தி மூணு வருசம் கழிச்சு அவன் வந்து எனக்கு ரசம் வேணுமான்னு கேக்குறான். அந்த மண்டபத்துல எத்தனை பேரு இருந்தாங்க, ஒருத்தருக்கும் தெரியாது. அவனைப் பெத்தவளுக்கே தெரியாது. உலகத்துலயே தெரிஞ்சவன் நான் ஒருத்தன்.

எலையை மூடிட்டுக் கையைக்கூடக் கழுவல. அந்தப் பிள்ளையைத் தேடிப் போனேன். சமையக்கட்டு வாசல்ல நின்னு தாம்பூலப் பையை எண்ணி வச்சுக்கிட்டிருந்துச்சு. "இளவேனிலு, உங்கப்பனைப் பாக்கணும்னியே. உன் மகனைப் பாரு. அப்படியே அவன்தாம்மா. காது, நெத்தி, சிரிப்பு, எல்லாம் அவன்தான்"னேன். எனக்கு மூச்சு வாங்குது.

அது கையில இருந்த பையைக் கீழ வச்சுச்சு. தூரத்துல மகன் யாரோடயோ பேசிச் சிரிச்சுக்கிட்டு நிக்கிறான். அவனைப் பாத்துச்சு. நல்லாப் பாத்துச்சு. ஒரு நிமிசம் மொகம் அப்படியே மலந்துச்சு, நான் பாத்தேன். அப்புறம் என் பக்கம் திரும்புச்சு.

"நெசமாவா சித்தப்பா?"

"சத்தியமாம்மா. எங்க ஆத்தா மேல சத்தியம்."

என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு நின்னுச்சு. கண்ணுல எதையோ தேடுற மாதிரி இருந்துச்சு. கோவமெல்லாம் இல்ல தம்பி. ஒரு சிரிப்புச் சிரிச்சுச்சு, ஆஸ்பத்திரியில வயசானவங்களைப் பாத்துச் சிரிக்குமே, அந்தச் சிரிப்பு.

"என் மனசு சந்தோசப்படணும்னு சொல்றீங்க, எனக்குத் தெரியும் சித்தப்பா"ன்னு சொல்லி, என் தோள்ல சரிஞ்சு கெடந்த துண்டை எடுத்துச் சரியாப் போட்டு விட்டுச்சு. "கையைக் கழுவிட்டு வாங்க, பாயசம் சாப்பிடாம வந்துட்டீங்க"ன்னு, என்னைப் புடிச்சு மெதுவாப் பந்திக்கே கூட்டிட்டுப் போச்சு.